ஃபேர்னஸ் மாற்றுவதற்கு முன் ஒரு குளிர் இரவு

எங்கள் வீட்டில் பில்களை வாசிப்பவள் நான். கணவருக்கு அந்தப் பொறுமை கிடையாது. ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஒரு கணக்காளர் அலுவலகத்தில் இருபத்தாறு வருடம் வேலை செய்த பழக்கத்தில், காஸ் பில்லைக்கூட மாதவாரியாகக் கோப்பில் அடுக்கி வைத்திருக்கிறேன். 2022இல், காஸ் எரித்து வீட்டைச் சூடாக்கும் பழைய ஃபேர்னஸைக் கழற்றிவிட்டுப் புதியது பூட்டியபோது, உண்மையில் எவ்வளவு மிஞ்சுகிறது என்பதை அந்தக் கோப்புதான் காட்டிக்கொடுத்தது. அன்றிலிருந்து உறவினர், அயலவர் என்று ஏழெட்டுப் பேர் கேட்டுவிட்டார்கள்: மாற்றலாமா, எதை வாங்குவது, எவ்வளவு முடியும்? ஒவ்வொருவருக்கும் தொலைபேசியில் முக்கால் மணி நேரம் சொல்லித் தொண்டை வறண்டதுதான் மிச்சம். எழுதிவிடுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். "இது ஹை எஃபிசியன்சி மாடல்" என்று ஒருவர் குரலை உயர்த்திச் சொன்னால், அவர் உங்களுக்கு எந்தச் சலுகையும் தரவில்லை. கனடாவில் வீடுகளுக்கு விற்கும் புதிய காஸ் ஃபேர்னஸ் 2009ஆம் ஆண்டின் கடைசியிலிருந்து குறைந்தது 90 சதவீதம் திறன் உள்ளதாக இருக்க வேண்டும் என்பது விதி. 2019 ஜூலையில் அது 95 ஆக உயர்ந்தது. ஆகவே இன்று கடையில் இருக்கும் மிக மலிவான பெட்டியும் ஹை எஃபிசியன்சிதான். உங்கள் பணமும் கவனமும் போக வேண்டிய இடங்கள் வேறு: எவ்வளவு பெரியது, யார் பூட்டுகிறார், எப்படிப் பணம் கட்டுகிறீர்கள்.

இன்னொன்று. அந்த விதி புதிதாக விற்பவற்றுக்கு மட்டும். எங்கள் கதவைத் தட்டிய ஓர் இளைஞர் நல்ல தமிழில், "அக்கா, இந்தப் பழைய ஃபேர்னஸை இனிச் சட்டப்படி வைத்திருக்க முடியாது" என்றார். முழுப் பொய். பாதுகாப்பாக ஓடும் பழைய ஃபேர்னஸை நீங்கள் விரும்பும்வரை வைத்திருக்கலாம். அவர் கதவைத் தட்டியதுதான் சட்டவிரோதம். நாமாக அழைக்காமல் வீட்டு வாசலுக்கு வந்து ஃபேர்னஸ், ஏசி, சுடுநீர் டாங்க் போன்றவற்றுக்கு ஒப்பந்தம் செய்வதை ஒன்ராறியோ 2018 மார்ச் 1 முதல் தடை செய்திருக்கிறது. அதைச் சொன்னதும் தம்பி செருப்பைத் தேடினார்.

சரி, உங்கள் வீட்டில் இருப்பது எந்த ரகம்? பேஸ்மென்டுக்கு இறங்கிப் பாருங்கள். ஃபேர்னஸிலிருந்து புறப்படும் தகரக் குழாய் செங்கல் சிம்னிக்குள்ளோ கூரையை நோக்கியோ போனால் அது பழைய ரகம். வெள்ளை பிளாஸ்டிக் குழாய் ஒன்றோ இரண்டோ பக்கச் சுவரைத் துளைத்து வெளியே போனால் நீங்கள் ஏற்கெனவே மாறிவிட்டவர். மிச்சத்தைப் பராமரிப்புக்காக வாசிக்கலாம். முன்பலகையைக் கழற்றினால் உள்ளே ஓர் உலோகத் தகடோ ஸ்டிக்கரோ ஒட்டியிருக்கும். அதில் "இன்புட்", "அவுட்புட்" என்று இரண்டு எண்கள், மணிக்கு இத்தனை பிடியு என்ற வெப்ப அலகில்: உள்ளே போகும் காஸின் வெப்பம், வீட்டுக்குக் கிடைக்கும் வெப்பம். எங்களுடையதில் 80,000, 64,000 என்று இருந்தது. பெரியதால் சிறியதை வகுத்தால் 0.8. அதாவது 100 டொலர் காஸில் 80 டொலர் வீட்டுக்குள், 20 டொலர் சிம்னி வழியாக ஆகாயத்துக்கு. பைலட் விளக்கு (பற்றவைக்கும் சிறு தீ) எந்நேரமும் எரியும் மிகப் பழைய ஃபேர்னஸ்கள் இதைவிட மோசம். அவை 60, 65 சதவீதத்தில் நிற்கும்.

அந்த 20 டொலர் எங்கே போகிறது என்பது புட்டு அவித்தவர்களுக்கு உடனே விளங்கும். கொதிநீர் கையில் தெறித்தால் சுடும். புட்டுப் பானையின் ஆவி பட்டால் அதைவிடச் சுடும், தோல் உரிந்துவிடும். ஆவி நீராக மாறும்போது தன்னுள் ஒளித்து வைத்திருந்த வெப்பத்தையும் சேர்த்துக் கொட்டுகிறது. பள்ளிக்கூடத்தில் மறைவெப்பம் என்று படித்தோமே, அது. இயற்கை வாயு எரியும்போது கரியமில வாயுவோடு நிறைய நீராவியும் உண்டாகிறது: ஒரு கன மீட்டர் வாயு எரிந்தால் ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் நீர். பழைய ஃபேர்னஸ் அந்த ஆவியைச் சூடு குறையாமல் சிம்னிக்கு அனுப்பிவிடும். புதியதில் இரண்டாவதாக ஒரு வெப்பமாற்றி இருக்கிறது. புகை அதற்குள் புகுந்து, வீட்டிலிருந்து திரும்பி வரும் குளிர்ந்த காற்றுக்குத் தன் சூட்டைக் கொடுத்து, ஆவி நீராகச் சொட்டும்வரை ஆறிப்போகிறது. வெளியேறும் புகையில் வெதுவெதுப்புதான் மிஞ்சும். பிளாஸ்டிக் குழாயே போதும் என்பது அதனால்தான்.

புதிய ஃபேர்னஸ் பூட்டிய முதல் குளிர் இரவில், அதன் வடிகால் குழாயை ஓர் அளவுக் கோப்பைக்குள் விட்டுப் பார்த்தேன். ஒரு மணி நேரத்தில் முக்கால் லிட்டர், கண்ணாடி போலத் தெளிந்த நீர். இத்தனை வருடமும் சிம்னி வழியாகப் போனது அந்தக் கோப்பையில் நின்றது. மாமி எட்டிப் பார்த்துவிட்டு, கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றலாமா என்று கேட்டார். ஊற்றக் கூடாது. பார்க்கச் சுத்தமாக இருந்தாலும் அது அமிலத் தன்மை உள்ள நீர். குளிர்காலம் முழுவதும் ஜன்னலோரத்தில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கும் செடியை நாமே கொல்ல வேண்டாம்.

இனிக் கணக்கு. ஜூலை, ஆகஸ்ட் பில்லை எடுங்கள். கோடையில் எரிவது சுடுநீருக்கும் அடுப்புக்கும் மட்டும். எங்கள் வீட்டில் மாதம் 45 கன மீட்டர். அதைப் பன்னிரண்டால் பெருக்கினால் 540. வருட மொத்தம் 2,140. கழித்தால் 1,600. அதுதான் ஃபேர்னஸ் தின்றது. அதைப் பழையதன் திறனான 80ஆல் பெருக்கி, புதியதன் திறனான 96ஆல் வகுத்தால் 1,333. ஆக, ஆண்டுக்கு 267 கன மீட்டர் மிச்சம். மாதாந்த நிலையான கட்டணத்தை விட்டுவிட்டுப் பார்த்தால் அப்போது எனக்கு ஒரு கன மீட்டர் ஏறத்தாழ 45 சதம். அதாவது வருடத்துக்கு 120 டொலர். முதல் முழுக் குளிர்காலம் முடிந்ததும் கோப்பைப் பார்த்தேன்; கணக்கு கிட்டத்தட்டச் சரியாகவே வந்தது. 2025 ஏப்ரலில் காஸ் பில்லிலிருந்து கார்பன் கட்டணத்தை எடுத்துவிட்ட பிறகு அந்தச் சேமிப்பு இன்னும் சுருங்கியிருக்கிறது.

120 டொலர்! "பில் பாதியாகிவிடும்" என்று சொல்கிறவர்களிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். ஃபேர்னஸ், பூட்டுக்கூலி, வரி எல்லாம் சேர்த்து நாங்கள் கொடுத்தது 4,900 டொலர். சேமிப்பால் மட்டும் அதை மீட்க என் ஆயுள் போதாது. ஆகவே 80 சதவீத ஃபேர்னஸ் பத்துப் பன்னிரண்டு வயதில் நன்றாக ஓடுகிறதென்றால் அதைத் தொடாதீர்கள். பதினெட்டு, இருபது வயதாகி, ஒவ்வொரு குளிருக்கும் திருத்துநர் வந்து போகிறாரென்றால் திட்டமிடத் தொடங்குங்கள். பைலட் எரியும் 60 சதவீதப் பழசு வைத்திருப்பவர்களின் கணக்கு வேறு. அதே 1,600 கன மீட்டர் அவர்களுக்கு 1,000 ஆகிவிடும். அவர்கள் காத்திருக்க வேண்டியதில்லை.

பிறகு நாங்கள் ஏன் மாற்றினோம்? எங்களுடையது 2003இல் பூட்டியது, பத்தொன்பது வயது. ஜனவரியில் இரவு இரண்டு மணிக்கு நின்று, கிடைத்ததை வாங்கும் நிலைக்கு வர எனக்கு விருப்பமில்லை. குளிரில் நடுங்கிக்கொண்டு பேரம் பேச முடியாது. செப்டம்பரில் பேசலாம்.

இந்தக் கட்டுரையின் தலைப்பில் சொன்ன வேலை இனித்தான் வருகிறது. அடுத்த கடுங்குளிர் இரவுக்காகக் காத்திருங்கள். எனக்கு அது 2022 ஜனவரியில் வாய்த்தது, மைனஸ் 17 பாகை. தெர்மோஸ்டாட்டை மாலையிலிருந்தே 20இல் வைத்துத் தொடாமல் விட்டேன். பத்து மணிக்குப் பிளேன் டீயோடு பேஸ்மென்ட் படியில் உட்கார்ந்து, ஃபேர்னஸ் பற்றும் நேரத்தையும் அணையும் நேரத்தையும் ஒரு பழைய கடித உறையின் பின்புறத்தில் எழுதினேன். கணவர் மேலே இருந்து, "யாராவது அந்தப் பெட்டிக்குப் பிரசவம் பார்ப்பார்களா?" என்றார். மூன்று மணி நேரம் பார்த்தேன். சராசரியாக மணிக்கு 28 நிமிடம் எரிந்தது. மற்ற 32 நிமிடம் சும்மா இருந்தது.

அந்த எண் சொன்னது இது. 64,000 பிடியுவை 28ஆல் பெருக்கி 60ஆல் வகுத்தால் ஏறத்தாழ 30,000. அந்தக் குளிரில் எங்கள் வீட்டுக்கு மணிக்குத் தேவைப்பட்டது அவ்வளவுதான். உள்ளே 20, வெளியே மைனஸ் 17 என்றால் இடைவெளி 37 பாகை. ரொறன்ரோவின் மோசமான இரவு மைனஸ் 20 என்று வைத்து 40 பாகைக்கு உயர்த்தினாலும் 32,000தான் வருகிறது. இருபது வருடமாக ஒரு மினிபஸ் போதுமான குடும்பத்துக்குப் பெரிய பஸ்ஸை ஓட்டியிருக்கிறோம்.

பெரியது இருந்தால் நல்லதுதானே என்று நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். அளவுக்கு மீறிய ஃபேர்னஸ் ஒரேயடியாகச் சூட்டைக் கொட்டி, தெர்மோஸ்டாட் இருக்கும் கூடத்தைச் சூடாக்கியவுடன் நின்றுவிடும். தூரத்து அறைக்குச் சூடு போய்ச் சேர்வதற்குள் ஆட்டம் முடிந்துவிடும். மகளின் அறை ஏன் எப்போதும் குளிர்கிறது என்று பத்து வருடம் ஜன்னலைத் திட்டினோம். குற்றவாளி பேஸ்மென்டில் இருந்தது. அடிக்கடி பற்றி அணைவதால் பாகங்களும் விரைவில் தேயும்.

நான்கு நிறுவனங்களிடம் விலை கேட்டேன். மூன்று பேர் பழைய தகட்டைப் பார்த்து "அதே 80,000" என்று எழுதினார்கள். நான்காமவர் ஜன்னல்களை அளந்தார், கூரைக்கடியில் எத்தனை அங்குலம் இன்சுலேஷன் இருக்கிறது என்று ஏணி வைத்து ஏறிப் பார்த்தார், சிஎஸ்ஏ எஃப்280 என்ற கனடியத் தர முறையில் வெப்ப இழப்பைக் கணித்து 40,000 பிடியு ஃபேர்னஸ் போதும் என்றார். 96 சதவீதத்தில் அது 38,400 கொடுக்கும். என் உறைக் கணக்கு 32,000. அவருடைய தாளும் என் உறையும் பக்கத்தில் பக்கத்தில் மேசையில் கிடந்தபோது வந்த திருப்தியை நான் வருமான வரிக் காலத்தில்கூட அனுபவித்ததில்லை. அவர் விலை மூவரில் இருவரைவிட அதிகம். அவரிடமே கொடுத்தோம். உறைக் கணக்கு அந்தத் தாளுக்குப் பதிலாகாது. ஆனால் "எனக்கு வெப்ப இழப்புக் கணிப்பு வேண்டும்" என்று தயங்காமல் கேட்கும் துணிவை அது தரும். அதைக் கேட்டவுடன் முகம் சுளிப்பவரை அனுப்பிவிடுங்கள்.

தீ எரியும் விதத்தில் ஒருநிலை, இருநிலை, படிப்படியாகக் கூட்டிக் குறைக்கும் ரகம் என்று மூன்று உண்டு. சரியான அளவில் ஃபேர்னஸ் வாங்கிய சாதாரண வீட்டுக்கு இருநிலை போதும். பெரும்பாலான நேரம் சிறு தீயில் நீண்ட நேரம் ஓடும், சத்தமும் குறைவு. விசிறிக்கு இசிஎம் மோட்டார் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய மோட்டாரைவிட மிகக் குறைந்த மின்சாரத்தில் அது மெதுவாகச் சுழன்றுகொண்டே இருக்கும். பேஸ்மென்டில் மாமிக்கும் மாடியில் மகளுக்கும் இடையில் இருந்த நான்கு பாகை வித்தியாசம் ஒன்றரையாகக் குறைந்தது அதனால்தான். ஒரே நேரத்தில் ஏசியையும் மாற்ற வேண்டிய கட்டம் என்றால் ஹீட் பம்புக்கும் ஒரு விலை கேளுங்கள். அதே பெட்டி கோடையில் குளிர்விக்கும், மிதமான குளிரில் சூடாக்கும், கடுங்குளிருக்கு ஃபேர்னஸ் கைகொடுக்கும். எங்கள் ஏசிக்கு அப்போது நான்கே வயது, விட்டுவிட்டோம்.

வசதியில் எனக்குப் பெரிதாகத் தெரிந்த மாற்றம் ஒன்று பில்லில் வராது. பழைய ஃபேர்னஸ் எரிவதற்கான காற்றை பேஸ்மென்டிலிருந்தே உறிஞ்சும். அது உறிஞ்சிய அளவுக்குக் கதவிடுக்கு, ஜன்னலிடுக்கு வழியாகக் குளிர்காற்று உள்ளே வரும். மாமியின் கட்டில் அந்த ஜன்னலுக்குக் கீழே. புதியதில் இரண்டு குழாய்: ஒன்று வெளியிலிருந்து காற்றை எடுக்கும், மற்றது புகையை வெளியே விடும். எரிதல் ஃபேர்னஸுக்குள் இருக்கும் மூடிய அறையிலேயே நடந்து முடிந்துவிடும். மாமி கழுத்தில் சுற்றிக்கொண்டு தூங்கும் மப்ளரை அந்த டிசம்பரில் கழற்றினார். இரண்டு குழாயும் போட வேண்டும் என்று கேளுங்கள். சிலர் மலிவாக முடிக்க ஒன்றை மட்டும் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

பூட்டும் நாளில் வேலைக்கு விடுப்பு எடுத்து வீட்டில் நில்லுங்கள். வருகிறவர் டிஎஸ்எஸ்ஏ (ஒன்ராறியோவின் தொழில்நுட்பப் பாதுகாப்பு அமைப்பு) உரிமம் பெற்ற காஸ் தொழில்நுட்பவியலாளரா என்று அட்டையைக் கேட்டுப் பாருங்கள். நல்லவர்கள் கோபிக்க மாட்டார்கள். புகைக் குழாய் ஃபேர்னஸை நோக்கிச் சற்றே சரிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆவி குளிர்ந்த நீர் வளைவுகளில் தேங்கும். நீர் வடிகால் தரைச் சாக்கடைக்குப் போக வேண்டும். வெளியே விட்டால் உறைந்து ஃபேர்னஸை நிறுத்திவிடும். குழாய் வெளியேறும் இடத்தை நீங்களே நின்று தீர்மானியுங்கள். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் அது நடைபாதைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு ஜனவரியிலும் அங்கே சொட்டிய நீர் பனிக்கட்டியாகி, தபால்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார்.

சிம்னியைப் பற்றிப் பலரும் மறந்துவிடுகிறார்கள், ஆனால் உயிர் சம்பந்தப்பட்டது. பழைய ஃபேர்னஸும் சுடுநீர் டாங்கும் ஒரே சிம்னியில் புகை விட்டிருக்கும். ஃபேர்னஸ் விலகியதும் டாங்க் மட்டும் அந்தப் பெரிய சிம்னியில் தனித்துப்போகும். அதன் சிறிய சூடு குளிர்ந்த செங்கலைச் சூடாக்கப் போதாது. புகை மேலே ஏறாமல் வீட்டுக்குள் திரும்பலாம், ஆவி செங்கலில் படிந்து அரிக்கலாம். சிம்னிக்குள் ஒடுங்கிய உலோக உறை ஒன்று இறக்க வேண்டும். நான் கொடுத்த 4,900இல் 450 டொலர் அதற்கு. மலிவான விலைத்தாள்கள் இரண்டில் அந்த வரியே இல்லை. கார்பன் மொனொக்சைட் அலாரம் படுக்கையறைகளுக்கு அருகில் இருக்க வேண்டும் என்பது எப்படியும் சட்டம். பேஸ்மென்டிலும் ஒன்று வையுங்கள்.

பணம் கட்டுவது பற்றி எனக்குக் கோபமில்லாமல் எழுத வராது. எங்கள் மாமா ஒருவர், எழுபத்தைந்து வயது, தடை வருவதற்கு முந்தைய ஆண்டு வாசலில் வந்த ஒருவரிடம் "இலவச ஃபேர்னஸுக்கு" கையெழுத்து வைத்தார். இலவசம் என்றது பூட்டுக்கூலி மட்டும். மாதம் 109 டொலர் வாடகை, பத்து வருடம். 13,080 டொலர்! வீட்டை விற்கப் போனபோதுதான் வழக்கறிஞர் சொன்னார், வீட்டு உறுதியின் மேல் ஒரு பிணைப் பதிவு இருக்கிறதென்று. மாமாவுக்கு அப்படி ஒன்று உண்டென்பதே தெரியாது. அதை நீக்க அவர்கள் கேட்ட தொகையில் இரண்டு ஃபேர்னஸ் வாங்கலாம். நுகர்வுப் பொருட்களுக்காக இப்படி வீட்டின் மேல் பதிவதை ஒன்ராறியோ 2024 ஜூன் 6 முதல் நிறுத்திவிட்டது. மாமாவுக்கு அது காலம் கடந்து வந்தது. பதிவுக்குத்தான் தடை, ஒப்பந்தம் அப்படியே இருக்கும். ஆகவே வாங்குங்கள், வாடகைக்கு எடுக்காதீர்கள். கையில் காசில்லாவிட்டால் வங்கியில் கடன் எடுத்து வாங்குங்கள். வீட்டில் வைத்துக் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை, எழுத்துப் பிரதி கைக்கு வந்த 10 நாட்களுக்குள் காரணம் சொல்லாமல் ரத்துச் செய்யலாம். பெற்றோர் தனியாக இருக்கும் வீடுகளில் இதைப் பெரிய எழுத்தில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டுங்கள்.

பூட்டி முடிந்ததும் உற்பத்தியாளரிடம் உத்தரவாதத்தைப் பதிவு செய்யுங்கள். பல நிறுவனங்கள் அதற்கு 60 அல்லது 90 நாள் கெடு வைத்திருக்கின்றன. தவறினால் பாகங்களுக்கான உத்தரவாதக் காலம் குறைந்துவிடும்.

ஃபில்டர் நம் வீடுகளில் பெட்டியில் எழுதியிருப்பதைவிட விரைவில் அடைத்துவிடும். வடை, மிளகாய்ப் பொரியல், கருவாடு எல்லாம் அங்கேதான் போய்த் தங்குகின்றன. குளிர்காலத்தில் மாதம் ஒன்று மாற்றுகிறேன். நினைவில் நிற்பதற்காக ஒன்றைத் தைப்பொங்கலுக்கு முதல் நாள். மிக நெருக்கமான ஒரு அங்குல ஃபில்டரை வாங்கி ஃபேர்னஸின் மூச்சை அடைக்காதீர்கள். ஃபில்டர் எவ்வளவு நுண்ணிய தூசியைப் பிடிக்கும் என்று காட்டும் மெர்வ் எண் 8 முதல் 11 வரை போதும்.

கடைசியாக, பனி. இரண்டாவது குளிர்காலத்தில் ஒரு நாள் விடியற்காலை ஐந்து மணிக்கு ஃபேர்னஸ் நின்றுவிட்டது. முன்பலகையின் சிறு கண்ணாடி வழியாக ஒரு விளக்கு மூன்று முறை மினுங்கி, நின்று, மறுபடி மூன்று முறை மினுங்கியது. பலகையின் உட்புறத்தில் ஒட்டியிருந்த அட்டவணையில் பார்த்தால், எங்கள் மாடலில் அது அழுத்தச் சுவிட்ச். குழாயில் அடைப்பு என்று அர்த்தம். இரவு முழுவதும் காற்றோடு பெய்த பனி பக்கச் சுவரில் குவிந்து காற்றெடுக்கும் குழாயின் வாயை மூடியிருந்தது. மண்வெட்டி காருக்குப் பின்னால் புதைந்து கிடந்தது. கணவரின் கோட்டை மாட்டிக்கொண்டு, கையில் அகப்பட்ட சோற்று அகப்பையால் பனியைத் தோண்டி எடுத்தேன். ஐந்து நிமிடத்தில் பெட்டி மறுபடி பற்றிக்கொண்டது. அந்த அகப்பை இப்போதும் பின்கதவுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்குகிறது. சமையலறைக்கு வேறு வாங்கிக்கொண்டேன்.